நொய்யலும் உப்பும்: திருப்பூர்ச் சாயக்கழிவு நீர் மறுபயன்பாட்டின் வரலாறு

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992ஆம் ஆண்டு ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. இன்றைய திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணையில் தேங்கியது மழைநீர் மட்டுமன்று. மேற்கே திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த கழிவும்தான். நீர் தேங்கத் தேங்க, அது நிலத்தடியில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ப்பாகின. அணையின் அருகிலேயே, சங்க காலத்தில் மணிக்கல், இரும்புத் தொழில்களுக்குப் பெயர்பெற்ற கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர். ஈராயிரம் ஆண்டுகளாக ஊரும் தொழிலும் தாங்கிய ஆற்றங்கரை, இருபது ஆண்டுத் தொழில் வளர்ச்சியில் குடிக்க முடியாத நீரின் கரையாயிற்று.

இந்தச் சீர்கேட்டைத் தடுக்கத் திருப்பூர் கையாண்ட வழிகளுள் முதன்மையானது சவ்வு வடிகட்டல். கழிவுநீரை நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தி, நல்ல நீரைப் பிரித்து மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறை இது. ஒரு தொழில்நகரத்தின் சாயப்பட்டறைகள் அனைத்தும், கழிவாக ஒரு சொட்டு நீரையும் வெளியே விடக்கூடாது என்ற கட்டளைக்கு உட்பட்டதும், பெரும்பாலும் அதை நிறைவேற்றியதும் இந்தியத் துணித்தொழிலில் திருப்பூருக்கே உரிய வரலாறு. அந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சாயத்தைவிட உப்பைப் பற்றியே அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளை பனியனிலிருந்து வண்ணச் சட்டைக்கு

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சி மாநதி என்பது இதன் பழம்பெயர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறாக இது பிற்காலத்தில் இருந்ததில்லை. மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற மாதங்களில் மெல்லிய ஓட்டமும் உடையது. கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யும் ஆற்றல் இத்தகைய ஆறுகளுக்குக் குறைவு. ஐரோப்பாவின் பேராறுகள் அரை நூற்றாண்டு தாங்கிய சுமையை நொய்யலால் பத்தாண்டுகூடத் தாங்க முடியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அங்கு உருவானவை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்கள். வெள்ளைத் துணிக்கு வேண்டியது சலவை, சாயம் அன்று. 1970களின் இறுதியில் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் திருப்பூரைத் தேடி வரத் தொடங்கினர். 1980களில் ஏற்றுமதி பெருகியபோது வெள்ளை பனியனின் இடத்தை வண்ண டீ-சர்ட் பிடித்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சாயல் என்று வாங்குவோர் கேட்டனர். பின்னல் ஆலைகளைச் சுற்றிச் சாயப்பட்டறைகள் முளைத்தன. தொடக்கத்தில் சில பத்துகளாக இருந்தவை 1990களின் இறுதிக்குள் 700ஐத் தாண்டின. அவற்றில் மிகப் பல சிறியவை. குடும்பத்தினரோ கூட்டாளிகளோ கடன் வாங்கி நடத்தியவை. அவை நாளொன்றுக்கு வெளியேற்றிய கழிவுநீர் மொத்தம் 8 கோடி லிட்டருக்கு மேல்.

அவ்வளவு நீர் திருப்பூரில் இல்லை. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் நீர் வாங்கப்பட்டது. தண்ணீர் விற்பது வெள்ளாமையைவிட வருமானம் தரும் தொழிலான ஊர்களும் உண்டு. பின்னர், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் முறையில் உருவாகி 2000களின் நடுவில் நீர் வழங்கத் தொடங்கியது. நீர் எங்கிருந்து வந்தாலும் கழிவு போனது நொய்யலுக்கே.

துணியில் தங்காத உப்பு

பருத்திக்குப் பொதுவாகப் பயன்படுவது வினைச்சாயம் எனப்படும் வகை. 1950களின் நடுவில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர்கள் இதைக் கண்டறிந்தனர். துணியின் மேல் ஒட்டிக்கொள்வதோடு நில்லாமல், இது பருத்தியின் செல்லுலோசுடன் வேதிப்பிணைப்பு கொள்கிறது. அதனால்தான் துவைத்தாலும் வெளுக்காத பளிச்சென்ற நிறம் கிடைக்கிறது. ஆனால் ஒரு தடை உண்டு. நீரில் நனைந்த பருத்தியிழை எதிர்மின்னேற்றம் கொள்கிறது. சாய மூலக்கூறும் எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கத்தை மட்டுப்படுத்திச் சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்குச் சாயத் தொட்டியில் உப்பு இடுகிறார்கள். அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரைகூட உப்பு தேவைப்படும். துணியின் எடையைப் போல் 8 மடங்கு நீர் எடுக்கும் எந்திரத்தில், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு. பழைய விஞ்ச் எந்திரங்கள் அதைவிட இரு மடங்கு நீர் குடித்தவை. அவற்றில் உப்பும் இரு மடங்கு.

இந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. அதன் வேலை சாயத்தை உள்ளே அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. இட்டது முழுவதும் கழிவோடு வெளியேறுகிறது. சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்வரை துணியுடன் பிணையாமல், நீருடன் வினைபுரிந்து பயனற்றுப்போய்க் கழுவுநீரில் கலக்கிறது. ஆற்றை வண்ணமாக்கியது இந்த எஞ்சிய சாயம். நிலத்தைக் கெடுத்தது அந்த உப்பு.

இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காததே திருப்பூரின் முதல் பதினைந்து ஆண்டுப் பிழை எனலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழில்களுக்கு இடமில்லை என்ற அரசாணை 1989இல் வந்தது. உழவர்கள் நீதிமன்றத்தை அணுகிய பிறகு, 1990களின் இறுதியில் திருப்பூரில் 8 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. பல பட்டறைகள் தனியாகவும் அமைத்துக்கொண்டன. அவற்றில் நடந்தது இதுதான்: கழிவில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கலப்பார்கள், சாயம் திரிந்து சேறாக அடியில் படியும், மேலே நிற்கும் நீர் தெளிந்திருக்கும். தெளிந்த அந்த நீரில் உப்பு அப்படியே இருந்தது. சேர்த்த வேதிப்பொருள்களால் சற்றுக் கூடியும் இருந்தது. கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அது 5,000 முதல் 10,000 வரை இருக்கும். சுண்ணாம்பால் சோடியத்தையோ குளோரைடையோ படியவைக்க முடியாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளும் உப்பைத் தின்பதில்லை.

இதன் அளவை ஒரு எளிய கணக்கு காட்டும். லிட்டருக்கு 5 கிராம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 8 கோடி லிட்டர் கழிவில் 400 டன் உப்பு. பத்து டன் ஏற்றும் லாரிகள் 40, ஒவ்வொரு நாளும் ஆற்றில் கவிழ்க்கப்படுவதற்குச் சமம் இது.

ஒரத்துப்பாளையத்தில் வந்து சேர்ந்தது இந்த உப்புதான். சோடியம் மிகுந்த நீர் பாயும்போது களிமண்ணிலுள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. மண் துகள்கள் பிரிந்து, துளைகள் அடைபட்டு, காய்ந்தால் ஓடு போல் இறுகுகிறது. விதை முளைத்தாலும் வேர் இறங்குவதில்லை. நெல், மஞ்சள், வாழை போன்ற பயிர்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. உவர்ப்பைத் தாங்கும் தென்னையிலும் காய்ப்புக் குறைந்தது. நிறம் மாறிய ஆற்றைச் செய்தித்தாள்கள் படமெடுத்துப் போட்டன. உவர்ப்பேறிய கிணற்றைப் படமெடுக்க முடியாது. அதில் நீர் கண்ணாடி போலத்தான் இருக்கும்.

சவ்வு வந்த வழி

உப்பை நீரிலிருந்து பிரிக்கும் நுட்பம் திருப்பூருக்காகப் பிறந்ததன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆசையில் பிறந்தது. 1748இல் பிரெஞ்சு அறிஞர் நோலே, சாராயம் நிறைந்த கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தியபோது, நீர் தானாக உள்ளே புகுந்து பை புடைப்பதைக் கண்டார். சவ்வூடு பரவல் என இன்று பள்ளிப்பாடத்தில் படிக்கும் நிகழ்வு அது. நீர், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குப் பாயும். எதிர்ப்பக்கத்திலிருந்து போதிய அழுத்தம் கொடுத்தால் அந்தப் பாய்ச்சலைத் திருப்பிவிடலாம் என்பது கருத்தளவில் நெடுநாளாகத் தெரிந்ததே. திருப்பிய பாய்ச்சலுக்கு எதிர்ச் சவ்வூடு பரவல் என்று பெயர், வழக்கில் ஆர்.ஓ. ஆனால் உப்பைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான சவ்வுகள் நீரையும் சொட்டுச் சொட்டாகவே விட்டன. தொழிலுக்கு அவை உதவவில்லை.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணிபுரிந்த சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். 1950களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வில், உப்பைத் தடுக்கும் நெருக்கமான தோல் மேற்பரப்பில் மிக மெல்லியதாக மட்டுமே இருந்தது. அடியில் இருந்த தடித்த பகுதி, அதைத் தாங்கும் பஞ்சு போன்ற துளைப்படலம். நீர் கடக்க வேண்டிய தடை மெலிந்ததால் பாய்ச்சல் பன்மடங்கானது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் இந்த முறையில் ஊருக்குக் குடிநீர் தரும் நிலையம் இயங்கியது. 1970களில் ஜான் காடோட் உருவாக்கிய பாலிஅமைடு மென்படலச் சவ்வு, குறைந்த அழுத்தத்தில் கூடுதல் உப்பைத் தடுத்தது. இன்றைய ஆர்.ஓ. நிலையங்களில் சுருட்டி வைக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் அந்த வகையின் வழிவந்தவையே.

சவ்வுகள் துளையின் அளவால் நான்கு வகைப்படும். நுண்வடிகட்டல் சேற்றையும் பாக்டீரியாவையும் நிறுத்தும். மீநுண்வடிகட்டல் கூழ்மப் பொருள்களையும் பெரிய மூலக்கூறுகளையும் நிறுத்தும். கரைந்த உப்பை விட்டுவிடும். நானோ வடிகட்டலின் துளை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அது சாய மூலக்கூறுகளையும் சல்பேட் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகளையும் பிடித்துக்கொண்டு, சோடியம் குளோரைடைப் பெருமளவு போகவிடும். கடைசியான எதிர்ச் சவ்வூடு பரவல் ஏறக்குறைய நீரைத் தவிர எதையும் விடுவதில்லை. நானோ வடிகட்டலின் அந்த விந்தையான தேர்வுத்தன்மை சாயத்தொழிலுக்குப் பெரிதும் பொருந்துவது. சாயத் தொட்டியின் கழிவை அதன் வழியே செலுத்தினால் சாயம் ஒருபுறம் நிற்க, நிறமற்ற உப்புநீர் மறுபுறம் வரும். அந்த உப்புநீரையே அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்தலாம்.

கடல்நீரைவிடச் சாயக்கழிவு சவ்வுக்குக் கொடியது. கடல்நீரின் கூறுகள் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி. சாயக்கழிவோ காலையில் கறுப்பு, மாலையில் சிவப்பு. சூடாக வரும், காரமாக வரும்; பஞ்சுத் தூசி, எண்ணெய், மென்மையூட்டி, சிலிக்கா எல்லாம் கலந்திருக்கும். இவற்றால் சவ்வின் முகம் அடைபடும். அதனால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் நீண்ட வரிசை வேண்டும். பல பட்டறைகளின் கழிவைக் கலந்து சமன்செய்யும் தொட்டி, நுண்ணுயிரிகள் வேலைசெய்யும் தொட்டி, நிறநீக்கம், மணல் வடிகட்டி, மீநுண்வடிகட்டல், கடினத்தன்மை நீக்கும் பிசின் என அந்த வரிசை நீளும். நிறத்தைப் போக்கக் குளோரின் சேர்த்தால், எஞ்சிய குளோரின் பாலிஅமைடு சவ்வைத் தின்றுவிடும். அதை முறிக்க இன்னொரு வேதிப்பொருள் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துவது சாயப்பட்டறையை நடத்துவதைவிட நுட்பமான தொழில் என்பதைத் திருப்பூர் பட்டறிந்துதான் கற்றது.

நீதிமன்றப் படிகள்

வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் படுகையையும் ஆய்ந்து, 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என மதிப்பிட்டது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத தொகை. கெட்டுப்போன கிணற்றுக்கு ஈடாக இன்னொரு கிணறு தோண்டக்கூட அது போதாது. தோண்டினாலும் அதே உவர்நீர்தான்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கழிவு நீர் வெளியேற்றத்தை அறவே ஒழிக்க வேண்டும். அதற்கான நிலையங்கள் 2007 ஜூலைக்குள் அமைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் அபராதம் கட்ட வேண்டும். அணையைத் தூய்மை செய்யும் செலவும் பட்டறைகளுடையதே. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தனர். உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் தீர்ப்பின் நோக்கத்தை உறுதிசெய்து, மேலும் 3 மாத அவகாசம் தந்தது.

அந்த ஆண்டுகளில் திருப்பூர் சும்மா இருக்கவில்லை. பட்டறைகள் குழுக்களாகச் சேர்ந்து, பெரும் வங்கிக் கடன் பெற்று, ஆர்.ஓ. நிலையங்களைக் கட்டின. ஆர்.ஓ. ஓடியது, நல்ல நீரும் வந்தது. சிக்கல் அதன் மறுமுனையில் இருந்தது.

லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 100 லிட்டர் கழிவைச் சவ்வுக்குள் செலுத்தி, 85 லிட்டர் நல்ல நீரைப் பெற்றுவிட்டோம் என்று கொள்வோம். மீதி 15 லிட்டரில் அத்தனை உப்பும் சேர்ந்துவிடும். லிட்டருக்கு 40 கிராம். கடல்நீரில் இருப்பது 35 கிராம்தான். சவ்வு உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கிக் கூட்டுகிறது. அதற்குமேல் பிழிவதும் கடினம். செறிவு ஏற ஏற, நீர் திரும்பிப் பாயத் துடிக்கும் அழுத்தமும் ஏறும். ஒரு கட்டத்துக்குப் பின் பம்பும் தாங்காது, சவ்வும் தாங்காது. எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கித்தான் தீர்க்க வேண்டும்.

ஆவியாக்குவது வேறு உலகம். உப்பு குறைந்த நீரில் ஆயிரம் லிட்டரைச் சவ்வின் வழியே தள்ளச் சில யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 630 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். ஒரு கலத்தின் நீராவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல்கட்ட ஆவியாக்கியும், நீராவியை அழுத்தி மீண்டும் வெப்பமாக்கும் எந்திரமும் அந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கும். என்றாலும் ஆர்.ஓ.வுக்கு அருகில்கூட வராது. பல நிலையங்களில் ஆவியாக்கிகள் கழிவின் அளவுக்குப் போதவில்லை, அல்லது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. குளோரைடு மிகுந்த கொதிநீர் துருப்பிடிக்காத எஃகையே அரித்தது. விறகு விலையும் ஏறியது. தேங்கிய உவர்நீர் மழைநாள் வெள்ளத்தோடு ஆற்றில் விடப்படுகிறது என்பது கரையோர மக்களின் தொடர் குற்றச்சாட்டாக இருந்தது.

நீதிமன்ற அவமதிப்பு மனு வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடவும் மின்இணைப்பைத் துண்டிக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணிகள் சாயத்துக்காக வெளியூர்களுக்கு லாரி ஏறின. சாயத் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினர். பிற மாவட்டங்களின் ஓடைக்கரைகளில் அனுமதியற்ற சாயப்பட்டறைகள் தோன்றின. ஓர் ஆற்றைக் காக்கும் ஆணை மற்றோர் ஆற்றுக்குச் சுமையாகும் என்பதை அப்போது சிலரே சுட்டிக்காட்டினர். தீர்ப்பைத் தொழிலுக்கு எதிரானதென்று பழிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதற்கு முன் கடந்த பதினைந்து ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட அவகாசங்கள் எதுவும் உப்பைக் குறைக்கவில்லை என்பதும் ஆவணங்களில் இருப்பதே.

உப்பை மாற்றிய தீர்வு

மூடலுக்குப் பின் வந்த தீர்வு புதிய சவ்வாக வரவில்லை. சாயத் தொட்டியில் போடும் உப்பையே மாற்றுவதில் வந்தது.

சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, குளிர்ந்த நீரிலும் சூடான நீரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரையும். ஆகவே அதை நீரிலிருந்து பிரிக்கக் கொதிக்கவைத்து வற்றச்செய்வதைத் தவிர எளிய வழியில்லை. சோடியம் சல்பேட் அப்படியன்று. 32 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரையும் அது, சுழியப் பாகையில் 5 கிராமளவே கரையும். செறிந்த கரைசலைக் குளிர்வித்தாலே போதும். கிளாபர் உப்பு என்ற பெயரில் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாக அடியில் விழும். எஃகை அரிப்பதும் குறைவு. சாயத்தை இழைக்குள் தள்ளும் வேலையையும் குளோரைடுக்கு நிகராகச் செய்யும். விலை மட்டும் கூடுதல். மீட்டெடுத்தால் அந்தக் குறையும் ஈடாகிவிடும்.

இதனுடன் இன்னொரு எண்ணமும் சேர்ந்தது. ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உவர்நீரை முழுவதும் ஏன் ஆவியாக்க வேண்டும்? சாயத் தொட்டிக்கு வேண்டியதும் உப்புநீர்தானே? அந்த உவர்நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கிவிட்டு, உப்புக்கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பலாம். திருப்பூரை அடுத்த அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதலுடன் இம்முறை செயல்படுத்திக் காட்டப்பட்டது. ஆவியாக்க வேண்டிய அளவு இதனால் வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாடு அரசு 2011இல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சோதனை ஓட்டத்தில் தேறிய நிலையங்கள் ஒவ்வொன்றாக அனுமதி பெற்று, படிப்படியாகத் திறந்தன. பொது நிலையங்கள் 18. பெரிய பட்டறைகள் சில தமக்கெனத் தனி நிலையங்களும் வைத்துள்ளன.

இந்த ஏற்பாட்டில் பட்டறைக்கும் நிலையத்துக்கும் இடையே நிலத்தடிக் குழாய்கள் போகவும் வரவும் ஓடுகின்றன. கழிவு போகிறது, நல்ல நீரும் உப்புக்கரைசலும் திரும்புகின்றன. எதிர்பாராத நன்மை ஒன்றும் கிட்டியது. ஆர்.ஓ. வழியே வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. கிணற்று நீரைவிட மென்மையானது. சாயம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதற்கும், ஒரே நிறம் தொகுதிக்குத் தொகுதி மாறுவதற்கும் நீரின் கடினத்தன்மை ஒரு பெருங்காரணம். மீட்ட நீரில் ஏற்றிய நிறம் முதல்முறையிலேயே சரியாக அமைவது எளிதாயிற்று. டேங்கர் லாரிகளின் ஓட்டமும் குறைந்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2020களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஒரு கிலோ துணிக்கான சாயச் செலவில் சுத்திகரிப்பின் பங்கு கனமானது. அந்தச் செலவில்லாத ஊர்களோடும் நாடுகளோடும் அதே விலைக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது என்ற தொழில்துறையினரின் முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தூய்மைச் சான்றிதழ் கேட்கும் அளவுக்கு அதற்கான விலையைக் கூட்டித் தருவதில்லை.

இன்னும் மீதமிருப்பவை

ஒரத்துப்பாளையம் அணை தன் நோக்கத்தை இன்றுவரை நிறைவேற்றவில்லை. வரும் நீரைத் தேக்காமல் மதகுகளைத் திறந்து வைப்பதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. சாயக்கழிவு குறைந்த பின்னும் நகரங்களின் சாக்கடை நீர் நொய்யலில் கலந்துகொண்டிருக்கிறது. நிலத்தடியில் இறங்கிய உப்பு, ஆற்றில் கழிவு நின்றதும் தானே மறைவதன்று. பல பருவ மழை அதைக் கழுவ வேண்டும். அந்த மழையும் இப்பகுதியில் குறைவு.

சுத்திகரிப்பு நிலையங்களுக்குள்ளும் ஒரு மீதம் உண்டு. நுண்ணுயிரித் தொட்டிகளின் சேறு காய்ந்தபின் சிமெண்ட் ஆலைகளின் உலைகளுக்கு எரிபொருளோடு சேர்க்க அனுப்பப்படுகிறது. ஆனால் படிகமாக்கலின் கடைசியில், கிளாபர் உப்பு பிரிந்தபின், ஒரு கலங்கிய கரைசல் எஞ்சும். அதைக் காயவைத்தால் கிடைப்பது சல்பேட்டும் குளோரைடும் எஞ்சிய சாயமும் கலந்த பழுப்பு நிற உப்பு. சாயத்துக்கும் உதவாது, விற்கவும் முடியாது, மண்ணில் கொட்டவும் கூடாது. மழை படாமல் சாக்குகளில் கட்டி, நிலைய வளாகத்துக் கூரைக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நொய்யல் சுமந்த உப்பில் இன்னும் இடம் கிடைக்காமல் நிற்கும் பங்கு அதுதான்.